இரண்டு கன்னத்துக்கு இரண்டு ரேசர்

எங்கள் அடுக்களை ஜன்னலுக்கு நேர் எதிரே, சந்துக்கு அந்தப் பக்கம், மாடி வீட்டுக்காரர்களின் வாஷ்பேசின் இருக்கிறது. இதில் என் தப்பு ஒன்றுமில்லை, கட்டியவர்கள் செய்த வேலை. பாத்திரம் விளக்கும்போது கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது? குழாயையே பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். அதனால் பார்க்கிறேன். பார்த்ததை மனசுக்குள் பூட்டி வைத்துக்கொள்ளவும் எனக்குத் தெரியும். தெருவில்தான் யாரும் அதை நம்புவதில்லை.

அந்த வாஷ்பேசினுக்குச் சொந்தக்காரன் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறான். நான் வைத்த பெயர் நெருப்புத் தம்பி. அவன் பெண்டாட்டி கீழே, தெருவைப் பார்த்த அறையில் இஸ்திரி கடை வைத்திருக்கிறாள். புருஷன் சூட்டை அணைத்துச் சம்பாதிக்கிறான், பெண்டாட்டி சூடேற்றிச் சம்பாதிக்கிறாள். நல்ல ஜாடிக்கேற்ற மூடி.

அந்தத் தம்பியைப் பற்றி நான் என்ன கிண்டல் அடித்தாலும் அடியில் ஒரு நன்றி இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மழைக்காலத்தில் அடுப்பில் எண்ணெயை வைத்திருந்தேன். வாசலில் யாரோ சண்டை போடும் சத்தம். ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். சண்டையும் நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வந்தால் சட்டிக்கு மேலே தீ ஆள் உயரத்துக்கு நிற்கிறது. செம்பு நிறையத் தண்ணீரை மொண்டு கையை ஓங்கிவிட்டேன்.

"அக்கா! தண்ணி ஊத்தாதீங்க! அப்படியே நில்லுங்க!"

கத்தல் ஜன்னலுக்கு வெளியிலிருந்து வந்தது. நான் கையை ஓங்கியபடி சிலை மாதிரி நிற்க, ஆள் படியிறங்கி, சந்தைத் தாண்டி, என் அடுக்களைக்குள் வந்துவிட்டான். இடுப்பில் துண்டு. ஒரு கன்னம் வழித்தது, மறு கன்னம் முழுக்க நுரை. அடுப்பைத் திருகி அணைத்தான், பெரிய தட்டு ஒன்றை எடுத்துச் சட்டியின் மேல் சறுக்கி மூடினான். தீ மூச்சுமுட்டிச் செத்தது. நான் வாயைத் திறப்பதற்குள், "நுரை காயுதுக்கா" என்று ஓடிப்போனான். அன்றைக்கு அந்தச் செம்புத் தண்ணீரை ஊற்றியிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல என் முகம் இருந்திருக்காது.

அப்படிப்பட்டவனுக்கு வினை அவன் முகத்திலேயே வந்தது.

அவனுக்குக் கம்பி மாதிரி முடி, சுருள் வேறு. ஐந்து பிளேடு அடுக்கிய ரேசரால் தினமும் வழித்து வழித்து தாடைக்குக் கீழே சிவப்புச் சிவப்பாகப் புடைத்துவிட்டது. இடது பக்கம் ரொம்ப மோசம், தொட்டால் ரத்தம். டாக்டர், "கொஞ்ச நாள் பிளேடு வைக்காதே" என்றார். இவனும் வைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து நிலையத்தில் முகமூடிச் சோதனை வந்தது.

முகமூடி என்றால் புகைக்குள் போகும்போது காற்று உருளையோடு மாட்டிக்கொள்வது. விளிம்பு முகத்தோடு ஒட்ட வேண்டும். காற்று வரும் வழியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மூச்சை இழுத்தால், முகமூடி அப்படியே முகத்தைக் கவ்வ வேண்டும். நடுவில் நாலு முடி முளைத்திருந்தாலும் 'உஸ்' என்று கசியும். அங்கே காற்று கசிந்தால் உள்ளே புகை வரும், புகை வந்தால் போன ஆள் திரும்பி வருவது சந்தேகம். இவன் முகத்தில் அன்றைக்கு நாலா பக்கமும் உஸ்.

நிலைய அதிகாரி நல்ல மனுஷன்தான். ஆனாலும் சொல்லிவிட்டார்: "அடுத்த சோதனையிலயும் கசிஞ்சா நீ வண்டியில ஏற வேணாம். டெலிபோன் ரூம்ல உட்காரு."

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவன் பெண்டாட்டி சொன்னாள், அவள் எனக்குத் தங்கச்சி மாதிரி. தானாகச் சொல்லவில்லை, நாலைந்து தடவை கேட்க வேண்டியிருந்தது.

என் வீட்டுக்காரர் ஆறுதல் சொல்லப் போனார். "டெலிபோன் ரூம்னா என்ன தம்பி? ஃபேன் காத்து, நாற்காலி. புகையுமில்லை, புழுக்கமுமில்லை. எனக்குக் கொடுத்தா இன்னைக்கே உட்காருவேன்."

"அண்ணே, போன்ல ஒருத்தர் 'எங்க அம்மா உள்ள மாட்டிக்கிட்டாங்க'ன்னு கத்துவாங்க. நான் முகவரியைக் கேட்டுக்கிட்டு அங்கயே உட்கார்ந்திருக்கணும். என்னால முடியாதுண்ணே."

என் வீட்டுக்காரர் அவன் தோளைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

தெருமுனை சலூன்காரர்தான் வழி சொன்னார். "அஞ்சு பிளேடுல முதல் பிளேடு முடியைப் புடிச்சு இழுக்குது. பின்னாடி வர்றது தோலுக்குக் கீழ போய் வெட்டுது. வெட்டுன முடி வெளிய வர வழி தெரியாம உள்ளயே சுருண்டுக்குது. ஒத்தை பிளேடு போடுற ரேசருக்கு மாறு. ஆனா எது உன் மூஞ்சிக்கு ஒத்துக்கும்னு நீதான் பார்த்துக் கண்டுபிடிக்கணும். பொண்ணு பார்க்குற மாதிரி."

"அதெல்லாம் ஒரு தடவை பார்த்தது போதும்" என்று தங்கச்சி பதில் கொடுத்தாளாம்.

ஆக மூன்று ரேசர் சேர்ந்தன. சலூன்காரர் தந்தது ஒன்று. பிளேடுக்குக் கீழே சீப்பு மாதிரி பல்வரிசை, பார்த்தாலே உறுமும். அதற்கு முரடன் என்று பெயர். இரண்டாவது, தம்பி புதிதாக வாங்கியது. லேசான கைப்பிடி, பிளேடு வெளியே எட்டிக்கூடப் பார்க்காது. அது சாது. மூன்றாவது எங்கள் வீட்டிலிருந்து போனது. என் அப்பா என் வீட்டுக்காரருக்குக் கல்யாணத்தில் கொடுத்த ரேசர், கனமான பித்தளை. அடியில் திருகினால் மேலே இரண்டு கதவு விரியும். அதை அவர் இன்றைக்கும் 'மாமனார்' என்றுதான் கூப்பிடுவார். கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்து, "பார்த்துப் புடி தம்பி, மாமனார் கொஞ்சம் கடிப்பாரு" என்று கொடுத்தார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். நான் கண்டுகொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து எனக்கு அடுக்களையில் வேலை அதிகமாகிவிட்டது. ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தையே திரும்பவும் கழுவினேன்.

தம்பி எதையும் ஒழுங்குமுறையாகச் செய்பவன். ஒரே சோப்பு, ஒரே மாதிரி புது பிளேடு, ஒரே நேரத்தில் இரண்டு கன்னத்துக்கு இரண்டு ரேசர். அப்போதுதான் ஒன்றுக்கொன்று ஒப்பிட முடியுமாம். இடது கன்னம்தான் புண்ணான கன்னம், ஆகவே அதற்கு எப்போதும் சாது. வலது கன்னத்தில் ஒரு நாள் முரடன், பிறகு மாமனார். முரடன் முதல் நாளே கழுத்தோரம் கையெழுத்துப் போட்டுவிட்டான். தம்பி முகத்தில் காகிதத் துணுக்குகளை ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். சாயங்காலமே முரடனைத் துடைத்து, கும்பிட்டு, சலூன்காரரிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று.

வழித்த பிறகு தீர்ப்பு யார் சொல்வது? அவன் கை ஆகாது. தண்ணீர்க் குழாயைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை. கண்ணாடியும் ஆகாது. முடி கண்ணுக்குத் தெரியாமல் தோல் மட்டத்தில் நிற்கும், முகமூடி விளிம்புக்கு மட்டும்தான் தெரியும்.

"உன் கைதான் சரி" என்றான் பெண்டாட்டியிடம். "நாள் பூரா துணியைத் தொடுற கை."

தங்கச்சி வாஷ்பேசின் பக்கம் வந்து அவன் எதிரில் நின்றாள். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

"கண்ணை மூடு. எதுல எதை வச்சு வழிச்சேன்னு உனக்குத் தெரியக் கூடாது."

"மூடிட்டேன்."

"ஓரக்கண்ணால பார்க்காத."

"இந்த மூஞ்சியை ஓரக்கண்ணால பார்த்து எனக்கு என்ன கிடைக்கப்போகுது? கிட்ட கொண்டாங்க."

இரண்டு உள்ளங்கையையும் அவன் இரண்டு கன்னத்திலும் வைத்து, மேலும் கீழும் தடவினாள். துணியில் சுருக்கம் தேடுகிற முகபாவம்.

"இந்தப் பக்கம் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கு. அந்தப் பக்கம் என்னமோ லேசா நெருடுது."

வழவழவென்று இருந்தது சாது வழித்த இடது. நெருடியது மாமனார் வழித்த வலது. மறுநாளும் அதே தீர்ப்பு, அதற்கடுத்த நாளும் அதேதான். புண் ஆறிக்கொண்டே வந்தது. கடிக்கவும் இல்லை, வழவழப்பும் உண்டு என்றால் வேறு என்ன வேண்டும்? சாதுதான் ஜெயித்தது என்று தெருவே முடிவு கட்டியது. என் வீட்டுக்காரருக்குத்தான் மாமனார் தோற்றதில் கொஞ்சம் வருத்தம். அப்பா உயிரோடு இருந்தபோது இல்லாத பாசம்.

சோதனைக்கு முன்னால் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று நிலையத்தில் தம்பி முகமூடியை மாட்டினான். மூச்சை இழுத்தான்.

உஸ்.

வலது பக்கம் கல் மாதிரி ஒட்டியிருந்தது. கசிந்தது இடது தாடையோரம்.

"சவரம் பண்ணுனியா இல்லையா?" அதிகாரி கேட்டிருக்கிறார்.

"கண்ணாடி மாதிரி இருக்கு சார். என் வீட்டுக்காரி தடவிப் பார்த்துச் சொன்னா. எனக்குத் தாடை எலும்புதான் ஒரு பக்கம் கோணல் போலிருக்கு."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றாராம் அதிகாரி. கோபமாகச் சொல்லவில்லையாம். அதுதான் அவனை ரொம்ப வாட்டிவிட்டது.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று தாடையை இப்படியும் அப்படியும் திருப்பினான். நானும் இங்கிருந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கும் கோணலாகத்தான் தெரிந்தது. முடி என்றால் வழிக்கலாம், எலும்பை என்ன செய்வது? நாளைக்குக் காலையில் தானே போய் டெலிபோன் ரூமைக் கேட்டு வாங்கிக்கொள்வதாகப் பெண்டாட்டியிடம் சொன்னான். சோதனையில் எல்லார் முன்னாலும் இறக்கிவிடுவதற்கு முன் தானாக இறங்கிவிடுவது மரியாதை என்றான். அவள் கீழே கடைக்குப் போனாள்.

நான் சும்மா இருப்பேனா? என் வீட்டுக்காரரின் புதுச் சட்டை ஒன்றை அவசரமாகக் கசக்கி எடுத்துக்கொண்டு இஸ்திரிக்குப் போனேன்.

கடையில் தங்கச்சி கண் சிவந்து நின்றாள். பெட்டி சூடேறிக்கொண்டிருந்தது. சட்டையை வாங்கி மேஜையில் விரித்து, வலது உள்ளங்கையால் காலரை அழுத்தி நீவினாள். புதுச் சட்டையல்லவா, காலருக்கு அடியில் குண்டூசி இருந்திருக்கிறது. நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அது அவள் உள்ளங்கையில் ஏறி நிமிர்ந்து நின்றது.

"ஐயோ, கை! கை!"

"எங்கக்கா?"

நான் காட்டிய பிறகுதான் பார்த்தாள். பஞ்சு மெத்தையிலிருந்து உருவுகிற மாதிரி ஊசியை உருவி ஓரமாக வைத்தாள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"வலிக்கலையா?"

"இது கை இல்லக்கா, செருப்புத் தோல். பெட்டி புடிச்சுப் புடிச்சு மரத்துப் போச்சு. துணியில ஈரம் பார்க்கணும்னாகூட நான் இடது கையாலதான் பார்ப்பேன்."

சொல்லிவிட்டுச் சட்டையில் தண்ணீர் தெளித்தாள். இடது கையால் தொட்டு ஈரம் பார்த்தாள். எனக்கு எங்கேயோ மணி அடித்தது.

"ஏம்மா, தம்பி கன்னத்தை எந்தக் கையால பார்த்தே?"

"ரெண்டு கையாலயும்தான்."

"எந்தக் கன்னத்துல எந்தக் கை?"

தங்கச்சி இரண்டு கையையும் தூக்கி, எதிரே அவன் முகம் இருக்கிற மாதிரி காற்றில் வைத்தாள். வலது கை அவனுடைய இடது கன்னத்தில். அப்படியே நின்றாள். பிறகு வலது கையை மெல்லத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். எத்தனையோ பேர் முகம் மாறி நான் பார்த்திருக்கிறேன், பார்ப்பதுதானே என் பிழைப்பு. ஆனால் அந்த மாதிரி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள். பின்னால் நான். யாரும் கூப்பிடவில்லை.

தம்பி தரையில் உட்கார்ந்து தன் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான், யாருக்கோ கொடுக்கப்போகிற பொருளைத் துடைக்கிற மாதிரி. அவள் மண்டியிட்டு இடது கையை அவன் இடது தாடையில் வைத்தாள்.

"நெருடுது."

"என்ன?"

"நெருடுதுங்க. முள்ளுக் காடா இருக்கு. சாது ஒழுங்காவே வழிக்கல. என் கைதான் பொய் சொல்லியிருக்கு."

அவன் தன் விரலால் தடவிப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. என்னைப் பார்த்தான். "அக்கா, நீங்க ஒரு தடவை தொட்டுப் பாருங்களேன்."

ஒரு விரலை வைத்து எடுத்தேன். "தம்பி, இதுல கேரட் துருவலாம்."

அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. "அப்போ என் தாடை கோணல் இல்லையா?"

"கோணலெல்லாம் இல்லை. நான் அப்பவே நினைச்சேன்" என்றேன். சொல்வதற்கென்ன.

அவள் அழுதுகொண்டிருந்தாள். "என் கையை நம்பித்தானே டெலிபோன் ரூமுக்குப் போறேன்னு சொன்னீங்க? இந்தக் கையை நம்பித்தானே?"

அவன் அவளுடைய வலது கையைப் பிடித்து, கட்டை விரலால் உள்ளங்கையை அமுக்கிப் பார்த்தான். பிறகு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "இத்தனை வருஷமா இந்தக் கையைப் புடிச்சிருக்கேன். மெத்துன்னு இருக்குன்னுல்ல நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

"நானும் உங்க கையை அப்படித்தான் நினைச்சேன்."

காய்ப்புக்குக் காய்ப்பு எங்கே தெரியப்போகிறது? அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிக் கிளம்பிவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில் இடம் மாற்றிப் பார்த்தார்கள். இடது கன்னத்துக்கு மாமனார், வலது கன்னத்துக்குச் சாது. தீர்ப்புச் சொல்ல இனி கையே வேண்டாம் என்று தங்கச்சி ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். எம்பி நின்று, தன் கன்னத்தை அவன் கன்னத்தோடு வைத்து, மெல்ல இழைத்தாள். ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். அவசரமே இல்லை. நான் ஜன்னல் கதவைச் சாத்தினேன். யாரும் சொல்லாமல், நானாகவே. என் வீட்டுக்காரர் காய்ச்சலா என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

கன்னம் சொன்ன தீர்ப்பு வேறு. சாது அவன் முடியைச் சும்மா விசாரித்துவிட்டு வந்திருக்கிறது. மாமனார்தான் வேலையை முடிக்கிறார். கடிக்காமல் இருக்க அவரை எப்படிப் பிடிப்பது என்று என் வீட்டுக்காரர் சந்துக்கு இந்தப் பக்கம் நின்று பாடம் நடத்தினார். "அமுக்காத தம்பி, அவர் கனமே போதும். முதல்ல முடி போற போக்குல போ. திரும்ப நுரை போட்டு குறுக்கால போ. எதிர்த்து மட்டும் போகாத. மாமனாரை எதிர்த்துப் போய் யாரும் ஜெயிச்சதில்லை." சொன்ன மாதிரியே செய்தான். புடைப்பும் வரவில்லை, நெருடலும் இல்லை.

ஆனால் ரேசரைக் கேட்டு வாங்கிக்கொள்ள அவனுக்குக் கூச்சம். கழுவித் துடைத்து, சாதுவையும் கூடவே எடுத்துக்கொண்டு வந்து, "அண்ணே, இந்த மாதிரி எங்க கிடைக்கும்னு சொன்னீங்கன்னா..." என்று இழுத்தான். என் வீட்டுக்காரர் சாதுவை மட்டும் அவன் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"எனக்கு இது போதும்பா. நான் எந்த நெருப்புக்குள்ள போகப்போறேன்? மூஞ்சியில ரெண்டு முடி நின்னா உங்க அக்கா திட்டுவா, அவ்வளவுதான். மாமனாரை நீ வச்சுக்க. எங்களுக்காக ஒரு தடவை பாதிச் சவரத்துல ஓடிவந்தவன் நீ."

கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனுஷன் எங்கள் வீட்டுச் சீரைக் குறை சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அவரைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. ராத்திரி சாப்பாட்டில் காட்டிக்கொண்டேன், வாயால் சொல்லவில்லை.

சோதனை நாள் வந்தது. தங்கச்சி கடையைத் திறந்தாள், ஆனால் மனசு அங்கில்லை. நானும் துணையாக உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல் அவன் தெருமுனையில் திரும்பினான். நடையைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. கிட்ட வந்ததும்தான் முகம் தெரிந்தது. நெற்றியில் தொடங்கி, கன்னம் இறங்கி, தாடையைச் சுற்றி மறுபக்கம் ஏறி, முகமூடி விளிம்பு கவ்விய தடம், ஒரே சிவப்பு வளையமாக, எங்கேயும் அறுபடாமல்.

"ஒட்டிக்கிச்சு" என்றான். "கழட்ட முடியாம அதிகாரியே புடிச்சு இழுத்தாரு. நாளையிலிருந்து வண்டியில ஏறலாம்."

தங்கச்சி கையில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டுத் தெருவில் இறங்கி, அந்த வளையத்தை இடது கை விரலால் ஒரு சுற்றுத் தொட்டுப் பார்த்தாள். அவன் அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தான்.

"அக்கா, நீங்க இல்லேன்னா இந்நேரம் நான் போன் எடுத்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். எங்க விஷயத்துல தலையிட்டதுக்கு ரொம்ப நன்றிக்கா."

தலையிட்டதற்கு நான் வாங்காத பேச்சில்லை. நன்றி வாங்கியது அதுதான் முதல் தடவை. மூக்கை உறிஞ்சினேன். உறிஞ்சிய மூக்கில் கருகல் வாடை ஏறியது.

"ஏம்மா, பெட்டி!"

அவள் ஓடிப்போய்த் தூக்கினாள். மேஜையில் என் வீட்டுக்காரரின் அதே புதுச் சட்டை. முதுகின் நடுவில் இஸ்திரிப் பெட்டியின் முழு உருவமும் பழுப்பாகப் படிந்திருந்தது. இந்தக் கடையில் இதுவரை ஒரு துணி கருகியதில்லை. தங்கச்சி தலையில் கையை வைத்துக்கொண்டாள். வேறு சட்டை எடுத்துத் தருகிறேன் என்றாள், அழுதாள், சிரித்தாள்.

என் வீட்டுக்காரர் வேறு சட்டை வாங்கிக்கொள்ளவில்லை. கருகியதையே போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போகிறார். யாராவது முதுகைக் காட்டி "என்ன சார் இது?" என்று கேட்க வேண்டும், அதுதான் அவருக்கு வேண்டியது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, நெருப்புத் தம்பி சோதனையில் பாஸான கதையை ஆரம்பத்திலிருந்து சொல்கிறாராம்.